பச்சையப்பனுக்குச் சளி

குழந்தைகளுக்குப் பாடம் நடத்துபவர்களுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்குக் கிடையாது. கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் இந்த விஷயத்தில் நான் யார் மேல் கோபப்படுவது? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நானேதான்.

"செடியும் நம்மள மாதிரிதான்" என்று மூன்றாம் வகுப்பில் நின்று சொன்னேன். வேர் தண்ணீர் குடிக்கும். இலை வெயிலையும் காற்றையும் வைத்துக்கொண்டு தனக்குத் தானே சமைத்துக்கொள்ளும். இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி ஓட்டைகள் இருக்கும், அதன் வழியாக மூச்சு விடும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆளுக்கொரு அவரை விதை கொடுத்தேன். முளைத்ததா, முளைத்ததா என்று தோண்டிப் பார்த்தே எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டினார்கள். தப்பிப் பிழைத்தது ஒன்றே ஒன்று. அதை ஜன்னலோரம் தொட்டியில் வைத்து, பச்சையப்பன் என்று பெயரும் வைத்தார்கள்.

நம்மை மாதிரி என்று சொல்லிவிட்டேன் அல்லவா, சும்மா இருப்பார்களா? ஒருவன் பசிக்குமே என்று மண்ணில் பிஸ்கட்டைப் புதைத்தான், எறும்பு படையெடுத்து வந்தது. ஒருத்தி பட்டப்பகலில் கைக்குட்டையைப் போர்த்தித் தூங்க வைத்தாள். "சமைச்சிட்டு இருக்கிற ஆள் தலையில போர்வையைப் போடுவியாடி?" என்று கத்தி, உருவி எடுத்தேன். தண்ணீர் ஊற்றுவதில் அடிதடி வேறு. தொட்டி எப்போதும் சொதசொதவென்றே கிடந்தது.

இந்த லட்சணத்தில் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். அவரை எல்லோரும் பெரிய மிஸ் என்போம்.

"வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வர்றார். உங்க கிளாஸ்ல ஒரு செடியாவது உருப்படியா இருக்கணும். இல்லைன்னா சயன்ஸை வேற மிஸ்கிட்ட குடுத்துடறேன், நீங்க டிரில் கிளாஸ் எடுங்க."

டிரிலா! மாடிப்படி ஏறினாலே எனக்கு நாக்குத் தள்ளும். அதுகூடப் போகட்டும். விதையின் தோல் வெடித்து வெள்ளையாக வேர் எட்டிப் பார்க்கும்போது இந்த வாண்டுகள் போடுகிற கூச்சல் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்த வேலைக்கே வருகிறேன். அதை இன்னொருத்தியிடம் தூக்கிக் கொடுப்பதா?

வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால், பச்சையப்பன் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். இலையெல்லாம் பழுப்பேறிச் சுருண்டு கிடந்தது. உச்சியில் இரண்டு இலைகள் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றன. குனிந்து முகர்ந்தேன். தைல வாசனை குப்பென்று அடித்தது.

தைலம் என்றால் எங்கள் வகுப்பில் ஒரே ஆள்தான். வருஷம் முழுக்கச் சளி, பையில் எப்போதும் தைல டப்பா. வகுப்பே அவளைத் தும்மல் என்றுதான் கூப்பிடும். அவள் பக்கத்தில் இருந்தாலே அந்த வாசனைதான் என்பதால், இத்தனை நாள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஏய் தும்மல், இங்க வா. என்னடி பண்ணித் தொலைச்ச?"

"பச்சையப்பனுக்குச் சளி மிஸ்."

"என்னது?"

"போன வாரம் ஒரு நாள் காலைல சீக்கிரம் வந்து பார்த்தேன் மிஸ். இலை ஓரமெல்லாம் சொட்டுச் சொட்டா ஒழுகிட்டு இருந்துச்சு. எனக்கு ஒழுகுற மாதிரியே. அடியிலதான் மூச்சு விடும்னு நீங்க சொன்னீங்கல்ல? அதான் அடியில நல்லாத் தேய்ச்சுவிட்டேன். தினமும் தேய்ச்சேன். மேல ரெண்டு இலைக்கு வர்றதுக்குள்ள டப்பா காலி."

தலையில் அடித்துக்கொண்டேன். வேர் அளவுக்கு மீறிக் குடித்தால், மிச்சத் தண்ணீரை இரவோடு இரவாக இலை ஓரமாகச் சொட்ட விட்டுவிடும். அதைப் பாடத்தில் நான் சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டதற்கு இப்போது கையில் விசிலோடு மைதானத்தில் ஓடப்போகிறேன். நன்றாகத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பெரிய மிஸ் ஆய்வாளரோடு உள்ளே வந்துவிட்டார்.

ஆய்வாளர் நேராகத் தொட்டியிடம் போனார். மோந்து பார்த்தார். "என்னங்க இது, மருந்துக் கடை மாதிரி?"

பெரிய மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இப்போதே மூச்சு வாங்கியது. "அது வந்து சார்..." என்று இழுத்தேன்.

"நான்தான் சார் கொன்னுட்டேன்!" என்று ஓவென்று அழுதாள் தும்மல். "மிஸ்ஸைத் திட்டாதீங்க!"

ஆய்வாளர் அவள் பக்கத்தில் குந்தினார். "அழாதம்மா. இந்த ரெண்டு இலை மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

"அதுக்குத் தைலம் இல்ல சார்."

"அப்ப மத்த இலைக்கெல்லாம் என்ன ஆச்சு?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு செடியையே பார்த்தாள். "ஓட்டையெல்லாம் நான் அடைச்சிட்டேன் சார். காத்து உள்ள போகல. மூச்சு விட முடியல, சமைக்கவும் முடியல. பாவம்."

ஆய்வாளர் எழுந்தார். முகமெல்லாம் பல். "ஒரே செடியில பூசின இலை, பூசாத இலை! பிரமாதமான சோதனை. யாரோட யோசனைங்க இது?"

என்னுடையது என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லியிருந்தால் டிரிலும் போச்சு, விசிலும் போச்சு. ஆனால் அந்தப் பிசாசு கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தது.

"இவளோடது சார். ஓட்டை இருக்குன்னு சொன்னதோட என் வேலை முடிஞ்சுது."

"அப்ப இந்த கிளாஸ்ல நீங்க என்னதான் பண்றீங்க?" என்றார் பெரிய மிஸ்.

"அவங்க சொன்னது பிள்ளைக்குப் புரிஞ்சிருக்கேம்மா. வேற என்ன பண்ணணும்?" என்றார் ஆய்வாளர். "இவங்களையே எடுக்க விடுங்க."

பெரிய மிஸ் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிவிட்டு அவரைப் பக்கத்து வகுப்புக்கு அழைத்துப் போனார். நான் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணும் ஒழுகியது, மூக்கும் ஒழுகியது.

தும்மல் என் முகத்தையே கவலையோடு பார்த்தாள். பையிலிருந்து காலி டப்பாவை எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தாள்.

"பயப்படாதீங்க மிஸ். ஓட்டையை அடைக்காமப் பூசிவிடறேன்."