பூட்டி வைத்த மருந்து

தண்ணீர் நிலையத்தில் எல்லோரும் அவளை மருந்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்குப் போகும் தண்ணீரில் குளோரின் மருந்தை அளந்து விடுவது அவள் பொறுப்பு. ஒருமுறை மருந்து லாரி வராமல் ஊரே வாந்தியும் பேதியுமாகக் கிடந்தது. அதைப் பார்த்தபின், மேலதிகாரியைக் கெஞ்சியும் அவரோடு மல்லுக்கு நின்றும் ஒரு கிடங்கு நிறைய மருந்துக் கேன்களை வாங்கி அடுக்கிவிட்டாள்.

"என்னக்கா, ஊறுகாயா போடப் போறீங்க?" என்று பம்பு மோட்டார் ஓட்டுகிறவர் கிண்டலடித்தார்.

"ஆபத்துக்கு வச்சிருக்கேன். எவனாவது கை வச்சீங்க, தோலை உரிச்சிடுவேன்" என்று கிடங்கைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்றாடத்துக்கு வருகிற புது மருந்து அவ்வப்போதே செலவானது. கிடங்கு மருந்து மட்டும் தகரக் கூரைக்கடியில் கோடை கோடையாக வெந்துகொண்டிருந்தது.

பிறகு மருந்து செய்கிற ஆலை தீப்பிடித்து மூடியது. சுற்றுவட்டாரத்து நிலையங்களெல்லாம் கையைப் பிசைந்தன. மிச்சமிருந்த கொஞ்சநஞ்சச் சரக்கைப் பங்கு போட மேலதிகாரி போனில் எல்லோரையும் கூட்டினார். எனக்கு உனக்கு என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டபோது இவள்தான், "எங்க பங்கு வேணாம் சார். எங்ககிட்ட நிறைய இருக்கு, இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்றாள். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு தங்கை வீட்டுக்குப் போனாள். குழாய்ப் பாதையின் கடைக்கோடி வீடு அது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்குத் தங்கை புட்டிப்பால் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து ஊர்லல்லாம் தண்ணியக் காய்ச்சிக் குடிக்கச் சொல்றாங்களாமேக்கா?"

"நம்ம ஊருக்கு அந்தக் கதி வராதுடி. நான் எதுக்கு இருக்கேன்?" என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

மறுநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடங்குக்குள் போனாள். பொத்தியிருக்கவே வேண்டாம், நெடியே இல்லை. கேனைத் திறந்து, வழக்கமான அளவு மருந்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, குளோரின் இருந்தால் தண்ணீரை மஞ்சளாக்கிக் காட்டும் சோதனைத் துளியை விட்டாள். மஞ்சள் பிடிக்க வேண்டிய தண்ணீர் வெளிறியே நின்றது. அடுத்த கேனும் அப்படித்தான். இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று தொட்டியில் ஊற்றிப் பார்த்தாள். கேன்கள்தான் காலியாயின, ஊர்க் குழாய்த் தண்ணீரில் துளி விட்டால் மஞ்சள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெக்கையில் கிடந்தால் இந்த மருந்தின் வீரியம் போய்விடும். பழசைப் புழங்கிவிட்டுப் புதுசை உள்ளே வைக்க வேண்டும். தெரியாதா அவளுக்கு? பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள். நிறைந்த கிடங்கைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்துபோய், படித்ததெல்லாம் தூங்கிவிட்டது. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பூட்டிப் பூட்டியே பாழாக்கினாள், பாவி.

மேலதிகாரிக்குப் போன் போட்டு அழுதாள். "நீங்கதானேம்மா வேணாம்னீங்க? எல்லாத்தையும் குடுத்தாச்சே" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி ஒலிபெருக்கி வண்டியை அனுப்புவது ஒன்றுதான் மிச்சம். அதற்கு முன் தங்கைக்குச் சொல்லிவிடலாமென்று போனைக் கையில் எடுத்தாள். ஊருக்குச் சொல்லாமல் உடன்பிறந்தவளுக்கு மட்டும் சொல்வதா என்று வெட்கமாக இருந்தது. வண்டிதான் தெருத்தெருவாகப் போகிறதே என்று கீழே வைத்துவிட்டாள்.

வண்டி போகத்தான் செய்தது. தங்கையும் வாசலில் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு அக்கம்பக்கத்துப் பெண்களிடம், "அவன் எல்லா ஊருக்கும் ஒரே பாட்டப் பாடுறான். நமக்கு எங்கக்கா ஏற்கனவே மருந்து சேத்து வச்சிருக்கா" என்று சிரித்திருக்கிறாள். தெருவே நம்பியது. ஒரு வீட்டிலும் தண்ணீர் அடுப்பேறவில்லை. இதெல்லாம் மருந்தக்காவுக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடியபோது அந்தத் தெருப் பிள்ளைகளெல்லாம் வரிசையாகப் படுத்திருந்தார்கள். தங்கையின் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கண் செருகிக் கிடந்தது. டாக்டர் நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கை திட்டுவாள், கையை ஓங்குவாள் என்று நினைத்து வந்தாள். அப்படிச் செய்திருந்தால் தேவலை. தங்கையோ அவளைக் கண்டதும் முகம் தெளிந்து, பக்கத்துக் கட்டில்காரியிடம், "எங்கக்கா வந்துட்டா. இனிமே பயமில்ல" என்றாள்.

பிறகு வராந்தாக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, நர்ஸ் கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொடியைக் கலக்கினாள். "நீ மருந்து போட்ட தண்ணிதானேக்கா? பாப்பாவுக்குக் குடுக்கலாமில்ல?"

மருந்தக்கா தம்ளரைப் பிடுங்கித் தரையில் கொட்டினாள். "குடுக்காதடி" என்றாள்.

"ஏங்க்கா?"

அந்தக் கூடத்துத் தாய்மாரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு தம்ளர் இருந்தது.