குதிகாலுக்கு ஒரு மெத்தை

முப்பத்தெட்டு வருஷம் செருப்புக் கடையில் வேலை பார்த்தவன் நான். குறைத்துச் சொன்னாலும் மூன்று லட்சம் குதிகால்களை இந்தக் கையில் ஏந்தியிருக்கிறேன். முகத்தைப் பார்க்காமல் குதிகாலை மட்டும் பார்த்தே ஆளின் உத்தியோகம், முன்கோபம், மாமியாரோடு அவருக்குள்ள உறவு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நான் தொட்டுப் பார்க்காத குதிகால் உலகத்தில் உண்டென்றால் அது மீனுடையதாகத்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவனிடம் வந்து, குதிகால் என்றால் என்ன தெரியுமா என்று கேட்டாள் ஒரு நர்ஸ்.

வீட்டுப் பரண்மேல் இருந்த ஷூ பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன், என் வலது இடுப்பெலும்பு தனக்கென்று ஒரு பக்கம் போனது. அந்தச் சத்தம் நாலு தெரு தாண்டிக் கேட்டதாகப் பேச்சு. பேசியது நான்தான். ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு தகடு வைத்தார்கள். ஒரு சின்னப் பாலம் கட்டும் அளவுக்கு இரும்பு இருக்கும் என்பது என் மதிப்பீடு.

கண் விழித்தபோது அந்த சிஸ்டர் என் கால்மாட்டில் நின்று இரண்டு குதிகால்களிலும் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட இருபது வயதாவது சின்னவள். முதல் நாள் "தாத்தா" என்றாள். தாத்தா என்று கூப்பிட்டால் மாத்திரை போட மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து அறுபத்தாறு வயதான என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுகிறாள். வார்டு முழுக்கச் சிரிக்கிறது.

"அடிபட்டது இடுப்புலம்மா. கால்ல எதுக்கு கட்டு? புண்ணே இல்லையே?"

"புண்ணு வரக்கூடாதுன்னுதான் தம்பி இது. மல்லாந்து படுத்தே கிடந்தா மொத்தக் காலோட கனமும் குதிகால்லதான் இறங்கும். அழுத்தி அழுத்தி உள்சதை செத்துடும். விரிப்புல தேய்ஞ்சா மேல்தோலும் போயிடும்."

"எங்கிட்டயே குதிகாலப் பத்தியா? நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியுமே. மூணாம் நம்பர் பெட்."

ஆனால் அந்தச் சரக்கைக் குறை சொல்லமாட்டேன். தொழில்காரன் கண் பொய் சொல்லாது. தையல் இல்லை, ஆணி இல்லை. ஐந்து அடுக்கு, நடுவில் பஞ்சுபோன்ற ஃபோம். தோலில் படும் பக்கம் இழுத்தால் வலிக்காமல் உரிந்து, விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் ஒரு சிலிக்கான் பசை. தினமும் காலையில் சிஸ்டர் ஓரத்தை மெல்ல உரித்து, தோலைப் பார்த்துவிட்டு, திரும்ப மூடிவிடுவாள். குதிகாலின் வளைவை இரண்டு இறக்கை வைத்து அணைத்துக்கொள்கிறது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய காலணி எதையும் நான் என் வாழ்நாளில் யாருக்கும் விற்றதில்லை. என்ன, இதை மாட்டிக்கொண்டு நான்தான் நடக்க முடியாது.

"வெள்ளிக்கிழமை பார்ப்பேன்" என்றாள். "செவந்திருந்தா விரலால அழுத்துவேன். வெளுத்துட்டுத் திரும்பச் செவந்தா வீட்டுக்குப் போகலாம். வெளுக்காம அப்படியே நின்னா உள்ள அடிபட்டிருக்குன்னு அர்த்தம். இன்னும் ஒரு வாரம் எங்கூடத்தான்."

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போயே ஆகவேண்டும். காரணம், என் நாற்காலி.

அது வெறும் நாற்காலி இல்லை. இருபத்தெட்டு வருஷம் நான் உட்கார்ந்து உட்கார்ந்து செதுக்கிய சிற்பம். மெத்தையில் என் உடம்பின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். போலீஸார் கைரேகைக்குப் பதில் அதை எடுத்துக்கொண்டு போனால் என்னை எந்தக் கூட்டத்திலும் பிடித்துவிடலாம். அதில் இப்போது என் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார். மகளின் மாமனார். முப்பது வருஷம் தெருத்தெருவாக நடந்தே கடிதம் கொடுத்த தபால்காரர். நான் விழுந்ததும், தனியாக இருக்கும் என் மனைவிக்கு ஒத்தாசையாக வந்தவர்.

என் மனைவி தினமும் வந்து நிலவரம் சொல்வாள்.

"பாவங்க அண்ணன். காலைல உங்களுக்குக் காபி கொண்டு வந்து குடுத்துட்டு வர்றாரா, வந்து உங்க சேர்ல உக்காந்தா ராத்திரி வரைக்கும் எந்திரிக்கறதே இல்ல."

"எந்திரிக்கச் சொல்லேன்."

"சம்பந்தியப் போய் எந்திரிங்கன்னு சொல்லுவாங்களா? நல்லா இருக்கே!"

"அந்த மனுஷன் ஒரு நாளைக்குப் பதினஞ்சு மைல் நடந்தவருடி! எனக்குன்னு வந்தப்பதான் அவருக்கு உக்காரத் தோணுச்சா?"

அவர் என்னைவிட இருபது கிலோ கூடுதல். பின்பக்கத்திலும் அதே விகிதம். என் அச்சின் ஓரங்கள் ஒவ்வொரு மணி நேரமும் சரிந்துகொண்டிருப்பது எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வலித்தது.

அதனால் வியாழக்கிழமை காலை சிஸ்டர் பார்த்துவிட்டுப் போனதும் குதிகால் விஷயத்தை நானே கையில் எடுத்தேன். தோல் என்றால் எனக்குத் தெரியாதா? மாட்டுத் தோலோ மனுஷத் தோலோ, தேய்க்கத் தேய்க்கத்தான் உரமேறும். மெத்தையில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தால் அது தோலா, வெண்ணெயா? சிஸ்டர் உரித்து ஒட்டுவதைப் பார்த்து எனக்கும் கை வந்துவிட்டது. வலது கால் ஆபரேஷன் கால், அதைத் தொடத் தைரியம் இல்லை. இடது காலை மடக்கி, அந்த இறக்கையைப் பிய்த்து, குதிகாலை விரிப்பில் வைத்து வேளைக்கு நூறு தேய். பழைய கடையில் புது ஷூவின் உள்விளிம்பை இப்படித்தான் பழக்குவோம். போதாததற்கு, ஜன்னல் வழியே சம்பந்தி வருகிறாரா என்று பார்க்க அதே குதிகாலை ஊன்றித்தான் உடம்பை மேலே தள்ளுவேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. சிஸ்டர் இடது கால் டிரெஸ்ஸிங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பசை முழுக்க விரிப்பின் நூலும் தூசியும்.

"தம்பி, இது ஒட்டியிருந்துச்சா, இல்ல தரைய தொடச்சுதா?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. என் மனக்கண்ணில் சூரிய அஸ்தமனம் அளவு. விரலால் அழுத்தினாள். எடுத்தாள். வெளுக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். அது எனக்கு மேல் பிடிவாதக்காரச் சிவப்பு.

"இன்னும் ஒரு வாரம்" என்றாள்.

"சிஸ்டர், என் சேரு..."

"இனிமே நீங்க நிக்கப் போறதே இந்த எடது காலாலதான். இதுல தோல் பிஞ்சா அப்புறம் எந்தச் சேருக்கு நடந்து போவீங்க?"

அந்த நேரம் பார்த்து காபி ஃபிளாஸ்க்கோடு சம்பந்தி உள்ளே வந்தார். டக் என்று ஒரு அடி, சர்ர் என்று ஒரு இழுப்பு. டக். சர்ர். முகத்தில் மட்டும் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் மாதிரி ஒரு சிரிப்பு.

தினமும் வருகிறவர்தான்; நான் இதுவரை பார்த்தது ஃபிளாஸ்க்கை மட்டும். சிஸ்டர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் காலைப் பார்த்தாள். என் தொழிலில் இருக்கவேண்டியவள்.

"உக்காருங்கண்ணே. ஷூவ கழட்டுங்க."

"ஒண்ணுமில்லம்மா. லேசா..."

"கழட்டுங்க."

கழற்றினார். சாக்ஸோடு சேர்ந்து எதுவோ வந்தது. இரண்டு குதிகாலும் உரித்த தக்காளி. மூன்று லட்சம் பார்த்த நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எத்தன நாளா?"

"இந்த ஷூ போட்டா மட்டுந்தாம்மா. பையன் கல்யாணத்துக்கு வாங்குனது, ஒம்பது வருஷமாச்சு. மத்த நாள்ல செருப்புதான். சம்பந்தியப் பார்க்க வரும்போது மட்டும் இதப் போட்டுக்குவேன். ஒரு மரியாதை."

"தெனமும் இதோட நடந்தா வந்தீங்க?"

"ரெண்டு மைல்தானேம்மா. வீட்டுக்குப் போயிட்டா கால நீட்டிக் கெடந்துடுவேன். எந்திரிக்கத்தான் முடியறதில்ல."

என் நாற்காலியின் மர்மம் அங்கே உடைந்தது. எனக்குத்தான் சந்தோஷமாக இல்லை.

சிஸ்டர் ஷூவை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். "இத உங்க தலையில கட்டின புண்ணியவான் யாருண்ணே? சொல்லுங்க, நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

சம்பந்தி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். திறக்கவில்லை, சும்மா திருகினார். "யாரோ கடைக்காரர்மா. ஞாபகமில்ல. நல்ல மனுஷன்."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். கல்யாணத்துக்கு மூன்று நாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என் கையாலேயே ஷூ மாட்டிவிட்டேன். முழங்கால் போட்டு உட்கார்ந்து, குதிகாலுக்குப் பின்னால் ஷூ ஹார்னை வைத்து நெம்பி. எழுந்து நாலடி நடந்து பார்த்தார். "கொஞ்சம் இடிக்குதோ?" என்றார். முப்பத்தெட்டு வருஷமாக மூன்று லட்சம் பேரிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். "போடப் போட இளகிடும் சம்பந்தி."

"நான்தாம்மா" என்றேன்.

"என்ன நீங்கதான்?"

"வித்தது."

"விடுங்க சம்பந்தி, தோல் ஷூன்னா கொஞ்சம்..." என்று அவர் குறுக்கே புகுந்தார்.

"இருங்க. தோல் மேல தப்பில்ல. உங்க காலு ஒம்பது. அன்னிக்கு ஒம்பது தீர்ந்து போச்சு. எட்டக் குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

வார்டில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இதுவரை நான் சொன்னதில் மிகைப்படுத்தாமல் சொன்னது இது ஒன்றுதான். அதற்குப்போய் இப்படி ஒரு அமைதி.

சம்பந்தி ஷூவைத் தலைகீழாகத் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். "நான் என் காலுதான் பெருத்துப் போச்சுன்னு நெனச்சேன்."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிச் சரிக்கட்டியிருப்பேன்.

சிஸ்டர் அவர் காலைக் கழுவித் துடைத்து, அலமாரியிலிருந்து புது டிரெஸ்ஸிங் இரண்டு எடுத்து ஒட்டினாள். என்னுடையதே மாதிரி, இறக்கை வைத்தது. இறக்கையை நீவி விட்டதும் சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் அந்தக் கால்களுக்குச் சரியான சைஸில் ஒன்று கிடைத்திருக்கிறது.

"ஒரு வாரம் நடக்கக் கூடாதுண்ணே. நல்லா சாஞ்சு உக்காந்து கால ஒசத்தி வைக்கணும். வீட்டுல அந்த மாதிரிச் சேர் இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். சிஸ்டரும் பார்த்தாள்.

"இருக்கு" என்றேன். அந்த ஒரு சொல்லை வெளியே தள்ளுவதற்கு எனக்குத் தேவைப்பட்ட பலத்தில் லாரியையே தள்ளியிருக்கலாம். "என் சேர்லயே உக்காருங்க சம்பந்தி. ஒரு வாரம். ஸ்டூல் போட்டுக் கால நீட்டிக்குங்க. அந்த ஸ்டூல் வேணாம், அது ஆடும். வேற ஸ்டூல்."

பிறகு சிஸ்டர் என்னிடம் வந்தாள். இடது காலில் புது டிரெஸ்ஸிங்கை ஒட்டி, பேனாவை எடுத்து அதன் விளிம்பிலிருந்து என் தோல்வரை குறுக்கே நாலு கோடு போட்டாள். உரித்து ஒட்டினால் கோடு விலகிவிடும். "இனி தொட்டுத்தான் பாருங்களேன், தம்பி" என்றாள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணையைச் செருகினாள். என் குதிகால் எதையும் தொடாமல் காற்றில் மிதந்தது.

சம்பந்தியைச் சக்கர நாற்காலியில் ஆட்டோ வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். ஷூ இரண்டும் என் கட்டிலுக்கடியிலேயே கிடந்தன. கதவு வரை போனவர் நிறுத்தச் சொல்லித் திரும்பிப் பார்த்தார்.

"சங்கடப்படாதீங்க சம்பந்தி. உங்க சேர்கூட மொதல்ல எனக்கு ரெண்டு பக்கமும் இடிச்சுதுதான். உக்கார உக்கார நல்லா இளகிடுச்சு."

பதறி எழுந்து உட்கார இடது குதிகாலை ஊன்றப் போனேன். சிஸ்டர் பேனாவின் மூடியைத் திறந்தாள். "இன்னும் ஒரு வாரம் சேர்த்து எழுதட்டுமா, தம்பி?"