ஐந்தாம் நம்பர் மலைக் குளவி

அந்தோனியம்மாவுக்குக் கோபம் வந்தால் தேயிலைத் தோட்டத்தின் மூன்று லயத்து வீடுகளுக்கும் கேட்கும். கோழிகூட ஒதுங்கிப் போகும். புருஷன் மரியநாயகம் அதைப் பெருமையாகத்தான் சொல்லித் திரிவான். ஏச்சு தன் பக்கம் திரும்புகிற நாளில் மட்டும் மாதா கோவில் பக்கம் நழுவிவிடுவான்.

அந்தக் கோபத்தால் ஒருமுறை காரியமே கெட்டது. மலைக்கு ஏறும் இடிந்த படிக்கட்டைக் கட்டித் தரச் சொல்லிப் பெண்கள் திரண்டு போனபோது, மலையில் வேலை வாங்கும் வெளிக்கள உத்தியோகத்தர் றொபின்சன் ஏதோ நக்கலடித்தார். இவள் கொழுந்துக் கூடையைத் தூக்கி அவர்மேல் எறிந்துவிட்டாள். அவ்வளவுதான். பொலிஸ், விசாரணை, மன்னிப்பு என்று பேச்சு முழுக்கக் கூடையைப் பற்றியே ஆகிப்போனது. படிக்கட்டு இன்றைக்கும் இடிந்தபடிதான் கிடக்கிறது.

நேற்று ஐந்தாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது. மரத்தில் கூடு இருக்கிறது என்று பெண்கள் சொல்லியும் றொபின்சன் காதில் வாங்காமல் கொழுந்து பறிக்க அனுப்பியிருந்தார். அந்தோனியம்மா தேயிலைச் செடிக்கடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு குப்புறக் கிடந்தாள். கழுத்தில் குளவி ஊர்ந்தது. கையை வீசினால் மொத்தக் கூட்டமும் வந்து மொய்க்கும். மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். பயந்து ஓடிய தம்பி மனைவி தயானி, முகம் வீங்கிப் பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

இன்று காலை பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆட்களைப் பிரித்துவிடும்போது றொபின்சன் மறுபடியும் சொன்னார்: "எல்லாரும் அஞ்சாம் நம்பருக்குப் போங்க."

அவர் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனதும், "அந்தாளச் சும்மா விடக்கூடாதுக்கா" என்று கூடக் கொழுந்து பறிக்கும் நிஷாலினி கல்லை எடுத்தாள். அந்தோனியம்மாவுக்கும் உடம்பெல்லாம் எரிந்தது. ஓங்கி ஓர் அறை விட்டால் எவ்வளவு சுகமாக இருக்கும்! ஆனால் விட்டால், நாளைக்கு அந்த அறையைப் பற்றித்தான் பேசுவார்கள். கூடு மரத்திலேயே தொங்கும். இன்னொருத்தி ஆஸ்பத்திரிக்குப் போவாள். நேற்றுச் செடிக்கடியில் கிடந்த மாதிரியே மூச்சை அடக்கினாள். கோபம் கழுத்தில் ஊர்ந்தது. ஊரட்டும் என்று விட்டாள்.

"கல்லப் போடுடி. ஒருத்தியும் கைய ஓங்கக் கூடாது. வாங்க, போவோம்."

பெண்கள் திகைத்தாலும் பின்னால் நடந்தார்கள். மலைக்குக் கீழே, ரோட்டிலேயே அவள் நின்றுவிட்டாள். மற்றவர்களும் நின்றார்கள். மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய றொபின்சன் சிரித்தார்.

"என்ன அந்தோனியம்மா, இன்னைக்குக் கூடை பறக்கலையா?"

"இல்லீங்க ஐயா." மேலே கூடு தொங்கிய மரத்தைக் காட்டினாள். "நாங்க வேல செய்யத்தான் வந்திருக்கோம். நீங்க முன்னுக்கு நடங்க. அந்த மரத்தடியில நீங்க போய் நின்னீங்கன்னா, பின்னாலேயே நாங்களும் வாறோம்."

றொபின்சன் மரத்தைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, ஏசவில்லை, நகரவும் இல்லை. சண்டை என்றால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும். இதற்கு என்ன செய்வது? ஒரு காலை எடுத்து வைத்தார். மேலே ரீங்காரம் கேட்டது. வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, போனில் ஆபீசுக்கு மெதுவாகச் சொன்னார்: "குளவிக் கூட்ட எடுக்க ஆள் அனுப்புங்க. அதுவரைக்கும் இந்த மலைக்கு யாரும் போக ஏலாது."