நீல விளிம்பு

மருத்துவமனையில் அவளை எல்லோரும் மைக்காரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தோலில் வந்த புற்றுநோயை டாக்டர் வெட்டி எடுத்ததும், அந்தச் சின்னத் துண்டு நேராக அவள் கைக்கு வரும். மேல் விளிம்பில் நீல மை, கீழ் விளிம்பில் சிவப்பு மை தடவுவாள். பிறகு அதை உறைய வைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பாள். டாக்டர் அதை நுண்ணோக்கியில் பார்ப்பார். விளிம்பில் நோய் மிச்சம் இருந்தால், எந்த நிறத்துப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும் தோலில் இன்னும் கொஞ்சம் வெட்டுவார். அதுவரை நோயாளி கட்டோடு காத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு வந்தவர் ஒரு தையல்காரர். அறுபது வயது. வலது கண்ணுக்குக் கீழே, இமையை ஒட்டி மிளகளவு புண். ஆறாத பரு என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருடம் அதோடு குடித்தனம் நடத்தியவரைத் தங்கைதான் இழுத்து வந்திருந்தாள்.

டாக்டர் முதல் துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். கண் பக்கத்து விளிம்பு, தட்டைப் பிடிப்பவளுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு. அந்த விளிம்பில் கத்தி முனையால் மயிரிழை மாதிரி ஒரு கீறலும் போட்டிருப்பார்.

மைக்காரக்கா தட்டோடு நடைவழிக்கு வந்தபோது, தங்கை சுவரோடு சாய்ந்து வெளிறிப்போய் நின்றிருந்தாள்.

"என்னம்மா, மயக்கமா வருதா?"

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலக்கா. இவரு ஊருக்கெல்லாம் அளவெடுப்பாரு, தன் மூஞ்சிய மட்டும் கண்ணாடில பாக்கமாட்டாரு."

மைக்காரக்கா தட்டை அங்கிருந்த தள்ளுமேசையில் வைத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் கிடந்த நாற்காலியை நகர்த்தி அவளை உட்கார வைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய் வேலையைத் தொடங்கினாள்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். முகம் சரியில்லை.

"நீலப் பக்கம் மிச்சம் இருக்குக்கா. இமையையும் கொஞ்சம் எடுத்தாகணும்."

இருவரும் தையல்காரரிடம் போனார்கள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். "கண்ணு முழுசா மூடாமப் போகலாம். தண்ணி வடியும். பிறகு இன்னொரு ஆபரேஷன் பண்ணி முடிஞ்சவரைக்கும் சரி பண்ணலாம்."

"ஊசில நூல் கோக்க ஒரு கண்ணு போதும் டாக்டர்" என்றார் தையல்காரர்.

தங்கையிடம் சொல்ல மைக்காரக்கா வெளியே வந்தாள். அந்தப் பெண் அதே நாற்காலியில் காலி டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நடுவில் தள்ளுமேசை. மைக்காரக்கா அந்த மேசையையே பார்த்தாள். தட்டை வைத்தது இந்தப் பக்கம் நின்று. நாற்காலிக்காகச் சுற்றிப் போனது அந்தப் பக்கம். திரும்ப எடுத்தது எங்கே நின்று? அந்தப் பக்கம் நின்றே எடுத்திருந்தால் துண்டின் மேல் கீழ் மாறியிருக்கும். கீறலைப் பார்த்துவிட்டு மை தடவுவதுதான் வழக்கம். இன்றைக்குப் பார்த்தாளா? ஞாபகம் இல்லை.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிறவள் அவள். 'கடவுளே, வாயைத் திறக்கிற தைரியத்தை மட்டும் குடு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

டாக்டர் மரத்துப்போகப் போடுகிற ஊசியைக் கையில் எடுத்திருந்தார்.

"டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க. நான் தட்டைத் திருப்பிப் பிடிச்சிட்டேனோன்னு சந்தேகமா இருக்கு."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு நேராக நுண்ணோக்கிக்குப் போனார். மைக்காரக்கா கதவோரம் நின்றாள்.

"கீறல் செவப்புப் பக்கம் இருக்குக்கா" என்றார் டாக்டர் மெதுவாக. "மொதல்லயே பார்த்தேன். சீவும்போது கிழிஞ்சதுன்னு நெனச்சு விட்டுட்டேன். தப்புல எனக்கும் பாதி பங்கு."

"அப்படின்னா..."

"மிச்சம் இருக்கறது கன்னத்துப் பக்கம். இமைக்கு ஒண்ணுமில்ல."

தையல்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். மைக்காரக்கா திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு தடவ மாப்பிள்ளை கால்சட்டைக்கு ரெண்டு இடது காலா வெட்டிட்டேன்மா. துணி பத்தலன்னு சொல்லிச் சமாளிச்சேன். முப்பது வருஷமாச்சு, இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல. நீ அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டியே."

"அது யாரு கால்சட்டைன்னு எனக்குத் தெரியும்" என்றாள் வாசலில் நின்ற தங்கை. "என் வீட்டுக்காரரோடது."

டாக்டர் சிரித்துவிட்டார்.

கன்னத்துப் பக்கம் இன்னும் ஒரு நகக்கீற்றளவு எடுத்தார்கள். இந்த முறை மைக்காரக்கா தட்டை எங்கேயும் இறக்கவில்லை. கீறலை இரண்டு தடவை பார்த்து, டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டி, அப்புறம்தான் மை தடவினாள். மறுபடியும் முக்கால் மணி நேரம். டாக்டர் தகடுகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். கடைசித் தகட்டில் ரொம்ப நேரம் நின்றார்.

"சுத்தம்" என்றார். "நாலா பக்கமும் சுத்தம்க்கா. போய் நீங்களே சொல்லுங்க."

நடைவழியில் போகும்போது மைக்காரக்கா, தட்டைத் திருப்பியதற்காக ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டாள். நாற்காலியை நகர்த்தியதற்காகக் கேட்கவில்லை.

அறைக்குள் போனபோது தையல்காரர் அசதியில் தூங்கிப்போயிருந்தார். தங்கை உதட்டில் விரலை வைத்து, கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். மைக்காரக்கா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். தங்கை அப்படியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழுப்ப மனம் வரவில்லை. இரண்டு பேரும் கட்டிலோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டுக்கு மேலே, வலது கண் முழுசாக மூடியிருந்தது.