சீட்டில் எழுதிய ஊர்

பூச்சி சேகரிக்கும் துரையிடம் நாகமுத்து குமாஸ்தா. பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் தம் வீட்டுச் சுவரில் பிடித்த அந்துப்பூச்சிக்குச் சீட்டில் ‘பினாங்கு’ என்று எழுதி லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். பூச்சி கடிதத்தோடு திரும்பி வந்தது: ‘இது இலங்கையைத் தவிர உலகில் எங்கும் இல்லை. சீட்டில் பிழை.’ துரை வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

வீட்டில் மனைவி நவமணி சிரித்தாள். “ஊரில இருந்து நான் கொண்டுவந்த ஓலைப்பெட்டியில ஒரு கூடு ஒட்டியிருந்தது. அதுக்குள்ள இருந்துதான் வந்தது. பிடிக்கேக்க என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?”

மறுநாள் நாகமுத்து பழைய சீட்டைக் கிழித்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று துரையின் பதிவேட்டில் தம் பெயருக்கு எதிரே எழுதியதையே புதிய சீட்டிலும் எழுதினார்:

‘பிறந்த ஊர் யாழ்ப்பாணம். இருப்பது பினாங்கு.’