தாகம் எடுத்த பஸ்

நேரம் என்பதை மலாயாவின் நெகிரி செம்பிலானுக்குக் கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன் அல்ல. ரெம்பாவ் ஸ்டேஷனிலிருந்து பெடாஸ் வழியாக ஏழாங்கட்டைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் திருநாவுக்கரசுதான். இதைச் சரித்திரத்தில் எழுதிவைக்க ஆள் இல்லாததால், ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில் அவனே தினமும் சொல்லிவந்தான். வெள்ளைக்காரன் ரயிலைக் கொண்டுவந்தது உண்மைதான், ஆனால் அது என்றைக்காவது சொன்ன நேரத்துக்கு வந்ததுண்டா என்று கேட்பான்.

அது டாரூராட் காலம், காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசரச் சட்டம் போட்டிருந்த காலம். தண்டவாளத்தைக் காட்டுக்காரர்கள் பெயர்த்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, இரும்புத் தகடு போர்த்திய டிராலி ஒன்று முன்னால் ஊர்ந்து போகும். அதன் பின்னால் ரயில், மாமியாரோடு கோயிலுக்குப் போகும் புது மருமகள் மாதிரி, முந்தாமல் வரும். சிரம்பானிலிருந்து சாயங்காலம் வரும் அந்த ரயிலை நம்பித்தான் ஏழாங்கட்டைக்குக் கடைசி பஸ் இருந்தது. தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். ஆறு மணிக்கு கேட் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ரோட்டில் நடமாடினால், நீ ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவளா காட்டுக்குச் சோறு கொண்டுபோகிறவளா என்பதை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துதான் விளக்க வேண்டும்.

ரயில் தாமதிக்கும் நாட்களில் பஸ்ஸுக்குத் தாகம் எடுத்துவிடும். டிரைவர் வீரமுத்து பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்குவார். பானெட்டைத் தூக்குவார். பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் குழாய்க்குக் கல்யாண ஊர்வலத்தில் நடப்பது போல நடப்பார். தண்ணீரில் தூசி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஏற்கனவே நிரம்பியிருக்கும் ரேடியேட்டரில் அதைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார். அது அப்படியே கீழே வழிந்து மண்ணுக்குப் போகும். அதற்குள் ரயில் வந்துவிடும். ஓடி வருகிறவர்கள் ஏறியதும் தாகம் தீர்ந்துவிடும். விட்ட நேரத்தைப் பெடாஸ் தாண்டி, வளைவில்லாத ரோட்டில் பிடித்துவிடுவார்.

பஸ்ஸில் போகும் எல்லாருக்கும் இது தெரியும். யாரும் வாய் திறந்து பேசியதில்லை. பேசாமல் இருந்ததால்தான் அது நடந்துகொண்டிருந்தது.

திருநாவுக்கரசு பேசினான். பேசியது மட்டுமா, நடித்தும் காட்டினான். காப்பிக்கடையில் வீரமுத்து மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கிளாஸ் தண்ணீரை வெளிச்சத்தில் பார்த்து, காலி நாற்காலியின் தலையில் ஊற்றுவான். "குடிடி ராசாத்தி, இன்னும் ரயிலு வரல" என்று நாற்காலியைத் தடவிக்கொடுப்பான். கடையே குலுங்கும். ஒருநாள் அப்படிக் குலுங்கியவர்களில் கம்பெனி இன்ஸ்பெக்டர் இராசரத்தினமும் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், சுலபத்தில் சிரிக்காதவர். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உது நல்ல பகிடி, தம்பி" என்றார். "திரும்ப ஒருக்கால் செய்து காட்டும்."

திருநாவுக்கரசு திரும்ப ஒருமுறை, இன்னும் விரிவாகச் செய்து காட்டினான்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. ரேடியேட்டருக்கு டிப்போவில் மட்டுமே தண்ணீர் ஊற்ற வேண்டும். வழியில் பானெட்டைத் திறக்கிற டிரைவருக்கு வேலை இல்லை. வீரமுத்து அதைக் கேட்டுக்கொண்டு டின்னை சீட்டுக்கு அடியில் தள்ளினார். திருநாவுக்கரசுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வெற்றிலையை அன்றிலிருந்து நீட்டவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில் வரவில்லை. வீரமுத்துவின் கை சீட்டுக்கு அடியில் போனது, நின்றது. கண்ணாடி வழியாகத் திருநாவுக்கரசைப் பார்த்தார். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், விசிலை ஊதினான். பஸ் ஸ்டேஷன் முற்றத்தைச் சுற்றித் திரும்பும்போது பின்னால் ரயில் கூவியது. பின் கண்ணாடியில் அவன் பார்த்தான். பிளாட்பாரத்திலிருந்து ஒருத்தி குதித்து ஓடி வந்தாள், ஒரு கையில் செருப்பு, மறு கையில் பை. ஏழாங்கட்டை மயிலம்மாள். விசில் அவன் வாயில்தான் இருந்தது. ஊதியிருந்தால் வீரமுத்து நிறுத்தியிருப்பார். ஊதவில்லை.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோயோடு படுத்திருந்த புருஷன் முருகையாவைப் பார்க்க, தோட்டத்து மானேஜர் கொடுத்த பாஸில் அவள் ஞாயிறுதோறும் போய்வருவாள். அன்றைக்கு நடந்தே வீடு சேரப் பார்த்திருக்கிறாள். ஆறு மணிக்கு மேல், பெடாஸ் தாண்டி, போலீஸ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். மறுநாள் தோட்டத்து ஆபீஸ் கிராணி போய்ச் சொல்லித்தான் விட்டார்கள். விட்டதும் முதல் வேலையாக மானேஜர் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். ஊர் சுற்றுகிற பொம்பளைக்குப் பாஸ் எதற்கு என்பது துரையின் நியாயம்.

காப்பிக்கடையில் அந்த நாற்காலி கூத்தைச் செய்யச் சொல்லிக் கேட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்றான். மறுநாளும் தொண்டை கட்டியிருந்தது. நிம்மதி இல்லாத மனுஷனுக்கு எத்தனை நாள்தான் தொண்டை கட்டும் என்று அவனே கணக்குப் போட ஆரம்பித்தான்.

அடுத்த ஞாயிறு, தோட்டத்து கேட்டில் பஸ் நின்றபோது மயிலம்மாள் வேலிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவள் துவைத்து மடித்த சட்டை ஒன்றைக் கம்பிக்கு இடையில் நீட்டினாள்.

"சிரம்பான் பக்கம் போற ஆளு யாராச்சும் இருந்தா குடுத்து உடுங்க தம்பி. ஆறாம் வார்டு. எனக்குக் காய்ச்சல்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

"அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க என்னா பண்ணுவீங்க, ரயிலுதான லேட்டு" என்றாள். "நேரத்துக்குப் போறது ஒங்க வேல."

அவன் பெருமையாகச் சொல்லித் திரிந்த வாக்கியம்தான் அது. சட்டையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பினான்.

லீவு நாளன்று சட்டையை அவனே கொண்டுபோனான். முருகையா கட்டிலில் பாதி கூட இல்லாத மனிதர். சட்டையை மோந்து பார்த்துவிட்டு, அவள் ஏன் வரவில்லை என்று கேட்டார். காய்ச்சல் என்றான். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். பஸ்ஸில் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தத் தண்ணி ஊத்துற பஸ்ஸா?" சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது. "வாரா வாரம் அவ செஞ்சு காட்டுவா, டிரைவர் டின்ன தூக்கிக்கிட்டு நடக்கறத. இந்த வார்டே சிரிக்கும் லா." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தத் தண்ணி இருக்கற தைரியத்துலதான் தம்பி, மணி அடிச்ச பெறகும் அவள, முந்தின ரயிலு போனா போவட்டும், இன்னும் கொஞ்சம் ஒக்காருனு சொல்லுவேன்."

அதே கூத்துத்தான். அங்கே யாருக்கும் அதனால் கெடுதல் வரவில்லை. திருநாவுக்கரசால் அங்கே நிற்க முடியவில்லை. டிரைவரிடம் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான். என்ன சொல்வதாக உத்தேசம் என்று ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்தான். ரயில் வழக்கம்போலத் தாமதம். யோசிக்க நேரம் தாராளமாக இருந்தது.

கிராணியின் காலைப் பிடித்து, துரையின் மனம் இளகி, மயிலம்மாளுக்குப் பாஸ் திரும்பக் கிடைக்க இரண்டு மாதம் ஆனது. அந்த ஞாயிறு காலை அவள் பஸ்ஸில் ஏறியபோது தலையில் பூ வைத்திருந்தாள். சீக்கிரமே கிளம்பி வந்துவிடுவேன், பயப்படாதீங்க என்று அவனுக்குத் தைரியம் சொன்னாள்.

சாயங்காலம் ரயிலும் வரவில்லை, மயிலம்மாளும் வரவில்லை. போதாக்குறைக்கு இன்ஸ்பெக்டர் இராசரத்தினம் முன்சீட்டில், குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வண்டி நேரத்துக்குப் போகிறதா என்று பார்க்க வந்திருந்தார்.

நேரம் ஆகிவிட்டது. வீரமுத்து இன்ஜினை முடுக்கினார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்துப் பயன் இல்லை என்று முடிவு செய்துவிட்டவர் அவர். பஸ்ஸே விசிலுக்குக் காத்திருந்தது.

திருநாவுக்கரசு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டான். டிரைவர் சீட்டுக்கு அடியில் குனிந்து பிஸ்கட் டின்னை இழுத்தான். அதில் துரு ஏறியிருந்தது. வீரமுத்து இன்ஜினை அணைத்தார். திருநாவுக்கரசு இறங்கினான். குழாய் வரைக்கும் நடந்தான். அவ்வளவு மெதுவாக நடப்பது எவ்வளவு சிரமம் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. கால் தானாக ஓடப் பார்த்தது. பின்னால் யாரோ, "குடிடி ராசாத்தி" என்று அவன் குரலிலேயே சொன்னார்கள். பஸ் சிரித்தது. அவன் திரும்பவில்லை.

பானெட்டைத் தூக்கி ஊற்றினான். தண்ணீர் அப்படியே வழிந்து, பாலிஷ் போட்ட சப்பாத்துக்குள் இறங்கியது. இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"உது நிரம்பித்தானே கிடக்குது?"

"கொதிக்குது ஐயா."

"வழியில பானெட்டைத் திறக்கிற டிரைவருக்கு என்ன எண்டு தெரியும்தானே?"

"திறந்தது டிரைவர் இல்லீங்க ஐயா. நான்தான்."

இராசரத்தினம் அவனையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போது சிரிக்கவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நாளைக்கு வேலை இருக்குமா இருக்காதா என்பது அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

தண்டவாளத்தில் டிராலி மட்டும் தனியாகத் தடதடத்து வந்து, தாண்டிப் போனது. அப்படியென்றால் பின்னால் ரயில் வருகிறது. திருநாவுக்கரசு காலி டின்னை எடுத்துக்கொண்டு, ஈரச் சப்பாத்து சளக் சளக் என்று சத்தம் போட, மறுபடியும் குழாய்ப் பக்கம் நடந்தான். நிரப்பினான். தூசி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.