மழைக்கு ஆகாத அலைவரிசை

1991 ஜூன் மாதத்திலிருந்து இன்றுவரை வாவ்ரா குடும்பத்து நிலத்தில் மொத்தம் பன்னிரண்டு பெய்திருக்கிறது. பன்னிரண்டு அங்குலம் இல்லை. ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்து, அதில் பன்னிரண்டு. வேலிக்கு வடக்கே பாஸ்பிசில் வீட்டாருக்கும், தெற்கே லுத்தரன் தேவாலயத்துக் கல்லறைக்கும், கிழக்கே யாருக்கும் பயன்படாத மணற்குன்றுகளுக்கும் வழக்கம்போலப் பெய்துகொண்டுதான் இருந்தது. நெப்ராஸ்காவின் அந்தப் பகுதியில் ஆளுக்கொரு வேலிக்கம்பத்தில் மழைமானிக் குழாய் உண்டு என்பதால் இந்தக் கணக்கில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அந்த மாதம் ஏழாம் தேதிதான் எமில் வாவ்ரா தன் வீட்டுப் பத்தடி டிஷ்ஷில் இரண்டாவது அலைவரிசையைச் சேர்த்தான். ஏற்கெனவே இருந்ததில் நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்கள் வந்தன. ஆனால் கால்பந்து ஆட்டங்களை மைதானத்திலிருந்து நிலையத்துக்கு அனுப்பும்போதே, விளம்பரமும் வர்ணனையும் சேர்வதற்கு முன்பே, பச்சையாகப் பிடித்துப் பார்க்கலாம் என்று டெல்மர் பாஸ்பிசில் ஆசை காட்டியிருந்தான். டெல்மர் பக்கத்து நிலத்துக்காரன். மாடு வளர்த்த நேரம் போக டிஷ் மாட்டிக்கொடுப்பவன். டிஷ்ஷுக்கு எதிரே மூன்று கம்பிகளின் முனையில் தொங்கிய பழைய டப்பாவைக் கழற்றிவிட்டு, இரண்டு அலைவரிசைக்கும் பொதுவான புது டப்பாவை மாட்டினான். பிறகு விளிம்பிலிருந்து விளிம்புக்குக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல்களை இழுத்துக் கட்டினான். நடுவில் நூல்கள் தொட்டுக்கொள்ள வேண்டும். தொடவில்லை, ஒரு விரல் இடைவெளி இருந்தது. ஏழு வருடக் காற்றில் டிஷ் கோணியிருந்தது.

"பழையதுக்கு இதெல்லாம் பெரிசில்ல," என்றான் டெல்மர். "அதோட அலை பெரிசு, சட்டியில ஓட்ட இருந்தாலும் உருளக்கெழங்கு நிக்கிற மாதிரி. இது கடுகு. நூல் தொடலன்னா ஒன்னும் நிக்காது." எமில் தன் வண்டியின் முன்பக்கத்தைக் கீழ் விளிம்பில் வைத்து, முட்டையை உருட்டுவதுபோல் மெல்ல அழுத்தினான். நூல்கள் தொட்டன. சமையலறை ஜன்னலிலிருந்து அவன் மனைவி லியோட்டா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொன்னு," என்றான் டெல்மர், கருவிகளைப் பெட்டியில் போட்டபடி. "இதுக்கு மழ ஆகாது. பழையது அடமழையிலயும் கண்டுக்காம பாடும். இது ரெண்டு தூறல் விழுந்தாலே படுத்துரும். அப்ப என்னைத் திட்டாதீங்க."

லியோட்டாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஏழு வருடமாக அவளுக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. அவள் அழவில்லை, இளைக்கவில்லை, தேவாலயத்து விருந்துக்குக் கொண்டுபோகும் உருளைக்கிழங்குப் பதார்த்தத்தில் உப்பு கூடவோ குறையவோ இல்லை. சூடான தட்டைத் துணியில்லாமல் எடுத்து, விரல் சிவந்த பிறகுதான் பார்ப்பாள், அவ்வளவுதான். 1984இல் அவர்களுடைய ஒரே மகள் ஜோலின், பத்தொன்பது வயதில், இரண்டு பைகளுடன் வீட்டை விட்டுப் போனாள். என்ன சண்டை என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. கடைசியாகத் தான் சொன்னது மட்டும் லியோட்டாவுக்கு நினைவிருந்தது. ஜோலின் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, "கதவச் சாத்து, ஈ வருது," என்று சொல்லியிருந்தாள். மகள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அதன் பிறகு கடிதமோ தொலைபேசியோ வரவில்லை.

புது அலைவரிசை வந்த மறுநாள் மாலை லியோட்டா டிஷ்ஷைத் திருப்பும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தபோது பாதியில் கை எடுத்துவிட்டாள். டிஷ் இரண்டு செயற்கைக்கோள்களுக்கு நடுவே, ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்து நின்றது. திரையில் ஒரு மேசையும் காலி நாற்காலியும் தெரிந்தன. ஏதோ ஊரில் செய்தி வாசிப்பதற்கு முன்னால் விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நாலு நாற்பதுக்கு ஒரு பெண் வந்து, வாசிப்பவருக்குப் பதிலாக, வெளிச்சம் பார்ப்பதற்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினாள். எழுந்து போய்விட்டாள். அது ஜோலின்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து எண்ணினாள். டெல்மரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான், தன் அட்டவணையைப் புரட்டினான். "நம்ம ஜோலின்தான். முடிய வெட்டிட்டா போல," என்றான். "ஆனா அந்த எடத்துல செயற்கைக்கோள் எதுவும் கெடையாது. வெறும் வானம். யாருக்கு எழுதிக் கேக்குறதுன்னே தெரியல." அதற்கு மேல் அதைப் பற்றிச் செய்வதற்கு எதுவும் இல்லாததால் மூவரும் காப்பி குடித்தார்கள்.

அந்த ஊரில் யாராவது ஒன்றைக் கொடுத்தால் முதல் தடவை வேண்டாமென்பது மரியாதை, இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை சொல்லும் வேண்டாம்தான் உண்மையான வேண்டாம். அதற்குப் பிறகு கொடுப்பவர் வாயைத் திறக்க மாட்டார். ஜூன் பன்னிரண்டாம் தேதி நாலு முப்பத்தெட்டுக்கு மேற்கிலிருந்து மேகம் வந்தது. திரையில் புள்ளிகள் பறந்தன. லியோட்டா ஜன்னலைப் பார்த்து, சமையல் நேரத்தில் வந்துவிட்ட விருந்தாளியிடம் சொல்வதுபோல், "இப்ப வேண்டாம்," என்றாள். மேகம் வேலியோரம் நின்று, பிறகு வடக்கே போய் டெல்மரின் நிலத்தில் பெய்தது. பதினேழாம் தேதி மறுபடி வந்தது. அன்றும் அதையே சொன்னாள். இருபத்தொன்றாம் தேதி, எமிலின் புல்லுக்குத் தண்ணீர் மிகவும் தேவையாயிருந்த நாளில், மூன்றாவது தடவை வந்தது. திரையில் ஜோலின் மூன்று வரை எண்ணியிருந்தாள். லியோட்டா திரும்பிக்கூடப் பார்க்காமல், "வேண்டாம்," என்றாள். மழை அந்த ஊரில் பிறந்து வளர்ந்தது. அதன் பிறகு அது கேட்கவில்லை. எந்த நேரத்திலும், எந்த மாதத்திலும் வரவில்லை. குளிர்காலத்தில் பனியும் வேலியோடு நின்றுகொண்டது.

காலை ஆறரைக்குக் கூட்டுறவுக் கடையில் ஆண்கள் காப்பிக்குக் கூடும்போது முதல் பேச்சே அவரவருக்கு எவ்வளவு பெய்தது என்பதுதான். கடைக்காரர் புட்ச் அதைக் கரும்பலகையில் பெயருக்கு நேரே எழுதுவார். எமில் குறைப்பட்டுக்கொள்கிறவன் என்ற பேர் வாங்க விரும்பவில்லை. டெல்மர் நாற்பது என்றால் இவன் கொஞ்சம் யோசித்துவிட்டு முப்பத்தைந்து என்பான். மூன்று வருடம் அப்படியே சொன்னான். சாலையில் போகிற எவருக்கும் வேலியின் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் அட்டைப்பெட்டி நிறமும் தெரியும், எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புட்ச் முப்பத்தைந்து என்று எழுதினார். தன்னிடம் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறவன் வீட்டுக்கு யாரும் வைக்கோல் கொண்டுபோக முடியாது. எமிலின் நூற்று நாற்பது மாடுகள் முதல் வருடம் தொண்ணூறாகவும் அடுத்த வருடம் முப்பதாகவும் ஆயின. புல்வேர் போன இடத்தில் மணல் எழுந்து சமையலறைக்குள் வந்தது. லியோட்டா தினமும் அதைப் பெருக்கிக் கதவுக்கு வெளியே தள்ளினாள். கணவனும் மனைவியும் அது பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நாலரைக்கு எமில் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லிக் கொட்டிலுக்குப் போய்விடுவான். திரையை அவன் அந்த முதல் வாரத்துக்குப் பிறகு பார்க்கவே இல்லை.

1994 ஆகஸ்டில் கடைசி மாடுகளை ஏற்றிப்போக லாரி வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் டெல்மர் வேலியோரம் நின்று லியோட்டாவிடம் பேசினான். "லியோட்டா, நான் சொல்றனேன்னு நெனைக்காத. டிவிய அணைச்சிட்டு ஒரு வார்த்த கூப்பிட்டுப் பாரேன். அதுக்கும் ரோஷம் இருக்கும்ல?"

"எதுக்கு?"

"மழைக்குத்தான். வேற யாருக்கு?"

அன்று நாலு மணிக்கு அவள் தொலைக்காட்சியை அணைத்தாள். முற்றத்துக்குப் போய் நின்றாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் கதவை அகலத் திறந்து அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்தாள். ஈக்கள் உள்ளே வந்தன. இருபது நிமிடம் கழித்து மழை வந்தது, பழக்கமில்லாத வீட்டுக்குள் நுழைகிறவர்கள்போலத் தயங்கித் தயங்கி. கொட்டிலில் இருந்த முப்பது மாடுகளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. லியோட்டா கையை நீட்டினாள். கை நனைந்தது, நனைந்தது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

எமில் கம்பத்தடிக்குப் போய்க் குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். வீட்டுக்குள் வந்தான். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பன்னெண்டு," என்றான்.

"இன்னும் பெய்யும்."

அவன் அணைந்த திரையைப் பார்த்தான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு முப்பத்தேழு.

"போடு," என்றான்.

"எமில், மாடு..."

"மாட்ட நாப்பது வருசமாப் பாத்தாச்சு. போடுன்னா போடேன், நேரமாகுதுல்ல?"

அவள் போட்டாள். திரை முழுக்கப் புள்ளிகள். வெளியே மழை ஒரு கணம் நின்று யோசித்தது. சாப்பாட்டு வேளையில் எட்டிப் பார்த்துவிட்டவர்கள் ஓசைப்படாமல் திரும்புவதுபோல் வேலி தாண்டிப் போனது. புள்ளிகள் அடங்கின. ஜோலின் வந்து உட்கார்ந்தாள். எமில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தரைவிரிப்பு நனைய, நின்றபடியே பார்த்தான். அவள் பத்துவரை எண்ணி முடித்ததும், கணக்கு சரியாக இருப்பதுபோல் தலையை ஒருமுறை ஆட்டினான்.

"எளச்சிட்டா," என்றான்.

"ஆமா," என்றாள் லியோட்டா. செங்கல்லை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனவள், அதை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை கூட்டுறவுக் கடையில் டெல்மர் ஐம்பத்தைந்து என்றான். எல்லோரும் எமிலைப் பார்த்தார்கள். எமில் யோசிக்கவில்லை. "பன்னெண்டு," என்றான். "இனிமே ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லன்னா, எதுவர?" என்றார் புட்ச், சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி.

"அவ அந்த வேலைய விடுறவர."

"அப்ப கொஞ்ச காலம் ஆகும். எம்பொண்ணு பதினெட்டு வருசமா ஒரே பல்லு டாக்டர்கிட்ட வேல பாக்குறா," என்றான் டெல்மர். எல்லோரும் சிரித்தார்கள். எமிலும் சிரித்தான். அந்த வாரமே, கேட்காமல், மூன்று வண்டி வைக்கோல் வந்து இறங்கியது. ஆனால் மாடுகள் போயிருந்தன. வைக்கோலைத் திருப்பித் தருவது முறையில்லை என்பதால் அது அங்கேயே கிடந்தது. எமில் மாவட்டத்து மண்சாலைகளைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டப் போனான், மாலை நாலரைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

பிறகு ஊரில் எல்லோரும் சின்ன டிஷ்ஷுக்கு மாறினார்கள். ஜோலினின் தலையில் முதல் நரை தெரிந்தது, கண்ணாடி வந்தது, கண்ணாடி மாறியது. ஒவ்வொரு வசந்தத்திலும் எமில் நூல் கட்டிப் பார்த்து டிஷ்ஷின் விளிம்பைத் தட்டிச் சரிசெய்தான். புட்ச், தினமும் எழுதிச் சலித்து, வாவ்ரா என்ற பெயருக்கு நேரே ஒரு பூஜ்யத்தை வெள்ளைப் பெயின்டால் போட்டுவிட்டார். லியோட்டா ஒருமுறை விதை வாங்கப் போனபோது அதைப் பார்த்தாள். நன்றாக வட்டமாக வந்திருக்கிறது என்று சொன்னாள்.

அன்று திரும்பும்போது நல்ல மழை. வண்டியின் கண்ணாடியில் தண்ணீர் தாரையாக வழிந்தது. மணி நாலு இருபது. எமில் தங்கள் வேலி தொடங்கும் இடத்துத் தபால்பெட்டிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கண்ணாடித் துடைப்பானை அணைத்தான். இல்லாவிட்டால் அது காய்ந்த கண்ணாடியில் கீச்சிடும்.